அஞ்சாவது புள்ளி

நெல் காயவைக்கிற களத்தில் எனக்கு வேலை. நாள் முழுக்க வெயிலில் நிற்கிறவள்தானே என்று காலேஜ் சார் ஒருத்தர் சின்ன டெலஸ்கோப் ஒன்றை வைத்துவிட்டுப் போனார். அது சூரியனைத் தாளில் விழவைக்கும். அதில் தெரியும் கறுப்புப் புள்ளிகளைத் தினம் பத்து மணிக்குப் பென்சிலால் குறிக்கணும். எத்தனை வருஷத்துக்கு ஒருதரம் புள்ளி கூடுது, குறையுதுன்னு அவர் தேடுகிறார். ஏழு வருஷமாகக் குறிக்கிறேன். முதலில் வாரக்கணக்கில் தாள் வெறுமனே போகும். இப்போ நிறைய வருது.

"குழாயில மட்டும் கண்ண வெச்சிடாதம்மா. வலி தெரியாது, உள்ள வெந்துபூடும்" என்று சொல்லியிருந்தார்.

போன மாசம் என் வீட்டுக்காரர் சோறு கொண்டுவந்தார். ஆட்டோ ஓட்டுகிறவர். நான் நெல்லைத் தள்ளிவிடப் போன நேரம், குனிந்து குழாயில் வலது கண்ணை வைத்துவிட்டார். நான் போட்ட சத்தத்தில் களமே திரும்பிப் பார்த்தது.

"இன்னாடி கத்தற? ஒன் சூரியன் ஒண்ணும் தேஞ்சிபூடல" என்று சிரித்தார்.

சாயங்காலம் சிரிக்கவில்லை. "நடுவுல கறுப்பா நிக்குதுடி" என்றார்.

கண்ணாஸ்பத்திரியில் மருந்து இல்லை என்றார்கள். தானாகத் தெளிந்தால்தான் உண்டு. அதுவரை வண்டி ஓட்டக்கூடாது.

தினமும் அவருக்கு அன்றைக்குக் குறித்த தாளைக் காட்டுவேன். இடது கண்ணை மூடிக்கொண்டு எண்ணணும். முதலில் ஒன்றும் தெரியவில்லை என்றார். அப்புறம் மூன்று நாள் சரியாகச் சொன்னார்.

"தெளிஞ்சிட்டுது பாத்தியா? நாளைக்கு அமாவாசை. மலையனூர் கோயிலுக்கு சவாரி அடிக்கணும்."

சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரு சந்தேகம். வேலையில்லாமல் களத்திலேயே என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். சாருக்கு நான் தினம் போனில் எண்ணிக்கை சொல்வது அவர் காதில் விழும்.

மறுநாள் போனில் நாலு என்று சொன்னேன். அவருக்குத் தெரியாமல் வேற தாளில் அதையே வரைந்து, நடுவில் இன்னொரு புள்ளி வைத்தேன்.

"எத்தனை?"

"நாலு. இன்னா டாக்டரம்மா, வண்டி எடுக்கலாமா?"

நான் தாளை அவர் கையில் கொடுத்தேன்.

"அஞ்சு இருக்குதுயா."

தாளைக் கிட்டே கொண்டுபோனார். தள்ளிப் பிடித்தார். திருப்பிப் பிடித்தார்.

"எங்க?" என்றார்.

அவர் விரலைப் பிடித்து நடுப்புள்ளி மேலே வைத்தேன். இன்னொரு கையால் ஆட்டோ சாவியை எடுத்து என்னிடம் கொடுத்தார்.