கோட்டின் மேல் ஒரு நண்டு

ஒட்வாருக்குக் கடலைக் கண்டு பயமில்லை. கோட்டைக் கண்டுதான் பயம். வடகோடிப் பனிக்கடலோரம், ஹொனிங்ஸ்வோக் துறைமுகத்துக்குச் சற்றுக் கிழக்கே, யாரோ புண்ணியவான் மேப்பில் ஸ்கேல் வைத்து இழுத்த கோடு. அதற்குக் கிழக்கே ராட்சதச் சிவப்பு நண்டு நாட்டின் செல்வம். அனுமதித்த அளவுக்கு மேல் ஒன்றை வைத்துக்கொண்டாலும் குற்றம். மேற்கே அதே நண்டு கடலடியை வழித்துத் தின்ன வந்த அந்நியன். பிடித்ததைத் திரும்ப விட்டால் குற்றம். நண்டுக்கு இதெல்லாம் தெரியாது. அது பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறது.

ஒட்வார் இரண்டு பக்கமும் மாட்டியவன். ஒரு வருடம் கிழக்கே ஒன்றை வைத்துக்கொண்டான். மறுவருடம் மேற்கே ஒன்றைப் பாவம் பார்த்து விட்டுவிட்டான். இரண்டு எச்சரிக்கைக் கடிதங்களையும் மனைவி ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தாள். மூன்றாவது வந்தால் மீன்பிடி உரிமம் போய்விடும். ஐம்பத்தெட்டு வயதில் அவனுக்கு வேறு வேலை தெரியாது.

கிழக்கே அனுமதித்த அளவைப் பிடித்து முடித்துவிட்டதால் அன்று மேற்கே நண்டு பிடிக்கும் கூடு போட்டிருந்தான். நீரோட்டம் அதைக் கோடு வரைக்கும் இழுத்துப் போயிருந்தது. தூக்கிப் பார்த்தால் ஒரே ஒரு நண்டு. அந்த நேரம் பார்த்துக் கண்காணிப்புப் படகும் வந்து ஒட்டியது. அதிலிருந்து ஏறி வந்த அதிகாரி சோல்ஃப்ரிட், பள்ளியில் அவனோடு ஒரே பெஞ்சில் படித்தவள்.

"கையில என்னடா?"

"நீயே சொல்லு. செல்வமா, சனியனா?"

இருவரும் படகு நிற்கும் இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் திரையைப் பார்த்தார்கள். அலைக்கு அலை படகு கோட்டின் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய் வந்தது.

"கிழக்கு. விட்டுடு! ஐயோ, மேற்கு, விடாதே! இப்ப விடு... விடாதேடா!"

"சட்டுனு சொல்லித் தொலை, கை மரத்துப்போச்சு. இந்தா, கொஞ்சம் பிடி, மூக்கு அரிக்குது."

அவளும் பழக்கதோஷத்தில் வாங்கிவிட்டாள். வாங்கிய பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. நண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் ஆபீசுக்குப் போன் போட்டாள்.

"நண்டு எந்தப் பக்கம்?" என்றது ஆபீஸ்.

"ரெண்டு பக்கமும்."

"படிவத்துல அப்படி ஒரு கட்டமே இல்லையே. எந்தப் பக்கமா இருந்தாலும், யார் கையில இருக்கோ அவங்க பேரை எழுதி அனுப்பு."

அவள் ஒட்வாரைப் பார்த்தாள். அவன் முகத்தில் ரத்தமில்லை.

"கணக்குப் பரீட்சையும் உனக்கு நான்தானே எழுதினேன்" என்று முனகியபடி படிவத்தை எடுத்தாள். முப்பது வருடமாக அதிகாரிகளைத் திட்டியே பழகிய ஒட்வார் அன்று ஒரு அதிகாரிக்குக் காபி ஊற்றிக் கொடுத்தான்.

மூன்றாவது கடிதம் சோல்ஃப்ரிட்டின் வீட்டுக்குப் போனது. அடியில் அனுப்பியவர் கையெழுத்தும் அவளுடையதுதான்.