மாவுப் பை முகமூடி

திண்டுக்கல்லுக்கு வந்த பிறகு செசிலியா எதற்குத்தான் பயப்படவில்லை? ஜீப் சத்தத்துக்குப் பயந்தாள். காக்கிச் சட்டை போட்ட தபால்காரருக்குப் பயந்தாள். அதெல்லாம் போகட்டும், கோயிலுக்குப் பயந்தாள் பாருங்கள், அதுதான் பங்கு ஜனங்களுக்குப் பிடிபடவில்லை. ஞாயிறு பூசைக்குத் தவறாமல் வருவாள். கதவோரம் நிற்பாள். சாமியார் கடைசி ஆசீர்வாதத்துக்குக் கையைத் தூக்குமுன் மகன் ஜூட்டை இழுத்துக்கொண்டு போய்விடுவாள். சிலோன்காரிக்கு ரொம்பத்தான் ராங்கி என்று பேசிக்கொண்டார்கள். அவர்களுக்கென்ன, பேசிவிட்டுப் போவார்கள்.

அவள் மன்னார்ப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரி. புருஷன் கடலுக்குப் போனவன் கடலோடு போய்விட்டான். இரண்டு பையன்களைத் தையல் மிஷின் மிதித்து வளர்த்தாள். மூத்தவன் அன்ரன். ஒருநாள் விடியற்காலையில் பட்டாளம் ஊரைச் சுற்றி வளைத்து, ஆண்பிள்ளைகள் அத்தனை பேரையும் கோயில் முற்றத்தில் வரிசையாக நிறுத்தியது. ஜீப்பில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். தலைமேல் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராக அவன் முன்னால் போய் நிற்க வேண்டும். அவன் சும்மா இருந்தால் வீட்டுக்குப் போகலாம், தலையை ஆட்டினால் லாரியில் ஏற வேண்டும். அந்த ஊர்களில் அவனைத் தலையாட்டி என்பார்கள். அன்ரன் போய் நின்றான். சாக்கு மேலும் கீழும் அசைந்தது. லாரியில் ஏறினவன் திரும்பி வரவே இல்லை. அவனுக்குப் பின்னால் வரிசையில் நின்றவன் ஜூட். அப்போது அவன் சின்னப்பிள்ளை.

சாக்குக்குள் இருந்தது யாரென்று யாருக்கும் தெரியாது. ஆனால் பையன்களை முகம் பார்த்து இனங்காட்டத் தெரிந்தவன் வெளியூர்க்காரனாக இருக்க முடியுமா? அதே கோயிலில் தன்னோடு முழந்தாளிட்டவன்தான் என்று செசிலியா நினைத்தாள். அதற்குப் பிறகு பூசைக்கு வந்த ஒவ்வொரு முகத்திலும் அவனைத் தேடினாள். தேடத் தேட எல்லா முகமும் அவன் முகம்போலவே தெரிந்தது. பைத்தியம் பிடிக்காத குறைதான். ஜூட்டைக் கூட்டிக்கொண்டு படகேறிவிட்டாள். பயமும் கூடவே ஏறி வந்துவிட்டது.

எண்பத்தாறாம் வருஷம் கிறிஸ்துமஸ். தோல் பதனிடும் ஷாப்புப் பக்கம் ஒரு காம்பவுண்டு வீட்டில், ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். ஜூட்டுக்கு மீசை அரும்பியிருந்தது. நல்ல குரல். பூட்டுப் பட்டறை வைத்திருந்த ஞானராஜ்தான் கோயில் பாடகர் குழுவுக்குத் தலைவர். வீடு வீடாகப் பாடிக்கொண்டு போகும் கேரலுக்குப் பையனை அனுப்பச் சொல்லி வந்து கேட்டார். அவனுக்குச் சுகமில்லை என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டாள். ஜூட் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்தான். படுத்தால் படுக்கட்டும், உயிரோடு இருந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

அந்தக் கேரலில் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. யார் வேஷம் கட்டியிருக்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியக் கூடாது. அதனால் தாத்தா வாயைத் திறக்கமாட்டார். பிள்ளைகளைப் பார்த்துத் தலையை ஆட்டுவார், அவர்கள் ஓடிவந்து மிட்டாய் வாங்க வேண்டும். அந்த வருஷம் பார்த்து, கோயில் அறையில் கிடந்த பிளாஸ்டிக் முகமூடியை எலி கடித்துவிட்டது. ஞானராஜின் மனைவி மைதா மாவு வந்த துணிப்பையைக் கவிழ்த்துக் கண்ணுக்கு ஓட்டை போட்டு, பஞ்சுத் தாடி ஒட்டிக் கொடுத்தாள். தெருத்தெருவாக ஆடிய வேர்வையில் தாடி எங்கேயோ விழுந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் கேரல் காம்பவுண்டுக்குள் வந்தது. பக்கத்து வீட்டு வீரலட்சுமி கும்பிடுகிற சாமி வேறு என்றாலும் கேரல் என்றால் அவளுக்கு உயிர். முதல் ஆளாக வந்து நின்றுகொண்டு, செசிலியாவையும் கூப்பிட்டாள். வந்தவர்கள் பாடிய பாட்டு செசிலியாவுக்கும் தெரிந்த பாட்டுத்தான். கேட்டதும் மனசு இளகிவிட்டது. வாசலில் நின்று பார்த்துவிட்டு வா என்று ஜூட்டிடம் அவளே சொன்னாள்.

ஜூட் கதவைத் திறந்தான். எதிரே துணிப்பை, இரண்டு ஓட்டை. சுகமில்லை என்றிருந்த பையன் வந்துவிட்டானே என்ற சந்தோஷத்தில் தாத்தா அவனையே பார்த்துத் தலையை மேலும் கீழும் ஆட்டினார்.

ஜூட்டுக்குக் கால் நகரவில்லை. செசிலியா எப்படி வந்தாள் என்று தெரியாது, அவனைப் பின்னால் தள்ளி வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"இவன் ஒண்டும் செய்யேல்ல. என்னைக் கொண்டுபோங்கோ. ஒருத்தனைக் கொண்டுபோனது காணாதோ?"

மேளம் நின்றுவிட்டது. சிலோன்காரி என்ன சொல்கிறாள் என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒன்றும் புரியாமல் சிரித்த ஒருவனை வீரலட்சுமி அதட்டினாள். ராத்திரியில் செசிலியா தூக்கத்தில் அலறும்போதெல்லாம் கதவைத் தட்டித் தண்ணீர் கொடுத்தவள் அவள். அன்ரன் கதை அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"அண்ணே, மொதல்ல அந்தப் பையக் கழட்டுங்க" என்றாள்.

சுற்றிலும் பிள்ளைகள் நின்றார்கள். கழற்றினால் கட்டுப்பாடு போச்சு. ஆனாலும் தாத்தா ஒரே இழுப்பில் கழற்றிவிட்டார். நரைத்த மீசையும் வெற்றிலைக் கறையுமாக, வேர்த்து வழியும் முகம். நம்ம பூட்டுப் பட்டறை மாமாதான் என்று பிள்ளைகளுக்கு ஏமாற்றம்.

"தங்கச்சி, நாந்தேன், ஞானராஜ். நல்லாப் பாருங்க."

அவர் சொன்னபடியே அவள் பார்த்தாள். பார்க்கிறவர்களுக்குச் சங்கடமாக இருக்கும் அளவுக்கு, நெற்றி, கண், வாய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு வாசற்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அன்ரன் போன அன்றுகூட அவள் அப்படி அழுததில்லை.

வந்தவர்கள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கிளம்பத் தயாரானார்கள். ஜூட் அம்மாவின் பக்கத்தில் நின்றான். அவன் கண் மேளத்தின் மேல் இருந்தது. அதைச் செசிலியா பார்த்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அண்ணை, முகத்தைத் திறந்துகொண்டு போறதெண்டா இவனையும் கூட்டிக்கொண்டு போங்கோ. நானும் வாறன்."

ஞானராஜ் மாவுப் பையை மடித்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். மிச்சமிருந்த வீடுகளுக்கெல்லாம் கிறிஸ்துமஸ் தாத்தா சொந்த முகத்தோடுதான் போனார்.

செசிலியாவுக்குப் பயம் விட்டுப்போனது என்று நான் சொன்னால் அது பொய். ஒரு கையில் மாவுப் பையையும் மறு கையில் ஜூட்டின் சட்டை நுனியையும் பிடித்துக்கொண்டு அந்தத் தெருக்களை நடந்து முடித்தாள். ஒவ்வொரு வாசலிலும் நிமிர்ந்து ஞானராஜின் முகத்தை ஒருதரம் பார்த்துக்கொள்வாள். ஒவ்வொரு தரமும் ஜூட் பாடிக்கொண்டிருந்தான்.