எட்டுக் கம்பி

இலஞ்சியைத் தாண்டும்போது சாரல் வலுத்தது. செங்கோட்டை மரமில்லில் காலையில்தான் சண்டை போட்டுக் கிளம்பியிருந்தேன். பையில் ஒரு சட்டை, ரேடியோ கடையில் வேலை பார்த்த காலத்து ஈயம் பற்றவைக்கும் இரும்பு. முந்தின நாளும் சாப்பாடு இல்லை. தென்காசி வந்ததும் மாடியேறி ஒரு கம்ப்யூட்டர் வகுப்பு வாசலில் ஒதுங்கினேன். எண்பதுகளின் கடைசி, ஊருக்கு அது புதுசு.

உள்ளே வகுப்பு நடத்தும் அக்கா, மதுரையிலிருந்து வந்த மெக்கானிக்கை உலுக்கிக்கொண்டிருந்தார்.

“சாயங்காலம் பெத்தவங்க வாராங்க. பிரிண்டர்ல பிள்ளைய பேரு அச்சாகலைன்னா பதினோரு பிள்ளையளையும் தையல் வகுப்புக்கு இழுத்துட்டுப் போயிருவாங்க. வயர் சொருகி பொருந்துதுல்லா, பொறவென்ன?”

“உள்ள கம்பி மாறியிருக்கு மேடம். எந்தக் கம்பி எங்க வரணும்னு எல்லாருக்கும் பொதுவா ஒரு முறை இருக்கு. பிரிண்டர் கம்பெனிக்காரன் அதுக்கு ஒத்துக்கிட்டான், வயர் செஞ்சவன் தன் இஷ்டத்துக்குப் பண்ணிட்டான். ஒத்தக் கம்பியில எழுத்து மெதுவாப் போகும். இதுல எட்டுக் கம்பியில ஒண்ணாப் பாயணும்.”

“ஐந்தருவிக்கு மேல மூணு, எட்டருவின்னு சொல்லுங்க.”

“ஆமா, தண்ணிதான் வரல. வேற வயர் வர ஒரு வாரமாகும்.”

“நான் கம்பிய மாத்திப் பத்தவச்சித் தாரேன்” என்றேன் வாசலிலிருந்து, இரும்பைப் பையிலிருந்து எடுத்து. அக்கா என் ஈர வேட்டியைப் பார்த்தார். மெக்கானிக் இரும்பைப் பார்த்தார்.

எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனால் மெக்கானிக் விரித்துக் காட்டிய பிரிண்டர் புத்தகத்திலிருந்த படம் புரிந்தது. கடைசிக் கம்பியைப் பற்றவைத்தபோது குடைகளோடு பெற்றோர் வந்துவிட்டார்கள். பிரிண்டர் அலறியது. தாளில் கோழி கிளறியதுபோல் என்னவோ விழுந்தது.

துபாயிலிருந்து விடுப்பில் வந்திருந்த கடையநல்லூர்க்காரர், ஒரு பிள்ளையின் அப்பா, எட்டிப் பார்த்தார். “அங்கன மிஷினு இங்கிலீஷ்ல எழுதும். இது யாருக்கு எழுதுது? ஏட்டி, கெளம்பு.”

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. சொருகியைப் பின்பக்கமிருந்து பார்த்து எண்ணியிருக்கிறேன். முதல் கம்பி எட்டாவது இடத்தில், எட்டாவது முதல் இடத்தில்.

“கொஞ்சம் நில்லுங்க அண்ணாச்சி, எட்டே கம்பிதான்!”

பாதி விரித்த குடையோடு நின்றார். அவர் மகள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். விரல் சுட்டது, பிரித்தேன், மாற்றினேன். மெக்கானிக் பொத்தானை அழுத்தினார்.

சர்ரென்று பதினோரு பெயர்களும் வந்து விழுந்தன. பிள்ளைகள் கூச்சலிட்டதில் கீழ்க்கடைக்காரர் மாடியேறி வந்துவிட்டார். அக்கா மேசையில் தாளம் போட்டார். கடையநல்லூர்க்காரர் தாளைக் கிழித்து மகள் பெயரை எழுத்தெழுத்தாக வாசித்தார்.

“இன்னொருக்கா அடிங்க” என்றார். குடையை மடக்கி மூலையில் சாத்தினார்.

அன்று மெக்கானிக் வாங்கித் தந்த நான்கு தட்டு இட்லி தின்றேன். “என்கூட வர்றியா?” என்றார். மறுநாள் காலை சங்கரன்கோவில் பஸ்ஸில் மெக்கானிக்கின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சொருகி பொருந்தியும் ஒன்றோடொன்று பேசாத மிஷின்கள் எந்த ஊரில் இருந்தாலும், போய்க் கம்பியை மாற்றிப் பற்றவைப்பது அன்றிலிருந்து என் வேலை.