நீள மறுத்த படிகங்கள்: ஹைதராபாத்தில் ஓர் ஆய்வகப் பகல்

'நானோ' என்ற சொல்லை வாஷிங் மெஷின் விளம்பரத்தில்கூடப் பார்த்துவிட்டதால் எனக்கு அதன்மேல் மரியாதை குறைவு. ஆனாலும் ஜனவரியில் ஹைதராபாத் போனேன். என்னோடு எம்.எஸ்சி. படித்த ஜெயந்தி அங்கே வேதியியல் பேராசிரியர். "இந்த முறையும் சரியா வரலைன்னா ஆய்வையே மூடச் சொல்லிட்டாங்க. நீ பக்கத்துல நில்லு, போதும்" என்று போனில் சொன்னாள். அப்படிக் கேட்கிற ஆள் இல்லை அவள்.

சென்னையில் மாலை ரயில் ஏறினால் காலையில் செகந்திராபாத். அவள் வீடு இருக்கும் மெட்டுகுடா, நிலையத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார், எண்பது என்றேன். "நக்கோ மேடம், எண்பதுன்னா இன்ஜினே சிரிக்கும்." 'நக்கோ' என்றால் வேண்டாம்; அங்கே குடியேறிய ரயில்வே குடும்பத்துத் தமிழ். நூறில் முடிந்தது. ஆய்வகம் அங்கிருந்து பஸ்ஸில் அரை மணி.

ஜெயந்தி செய்வது குறைகடத்திப் படிகங்கள். ஒரு தலைமுடியின் குறுக்கே பல்லாயிரம் அடுக்கலாம். கடுகு போல உருண்டிருந்தால் ஒரு குணம், சீரகம் போல நீண்டால் வேறு குணம். அவளுக்கு வேண்டியது சீரகம். முன்பு அதுதான் வந்துகொண்டிருந்தது. இன்னும் சுத்தமான கரைப்பான் வாங்கிய நாளிலிருந்து வெறும் கடுகு.

"நல்லதா வாங்கித்தான் கெட்டேன்டி" என்றாள். பழைய கரைப்பானில் கசடாக இருந்த ஓர் அமிலம் படிகத்தின் பக்கங்களில் ஒட்டிக்கொண்டு அங்கே வளரவிடாமல் தடுத்திருக்க வேண்டும். அதனால் முனைகள் மட்டும் நீண்டன. இது அவள் கணிப்பு. அந்த அமிலத்தை இம்முறை அளந்து சேர்க்கப் போகிறாள்.

"கசடைக் காசு குடுத்து வாங்கினியா?"

"ஹவ், ஆமா. சிரிச்சுக்கோ."

அந்த அமிலம் சேர்த்த குடுவை முந்நூறு டிகிரியைத் தாண்டியதும் செலினியக் கரைசலை ஊசியால் ஒரே அழுத்தில் செலுத்தினாள். நிறமற்றிருந்த திரவம் மஞ்சளானது, ஆரஞ்சானது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

"வந்துடுச்சா?"

"கடுகும் சிவக்கும். பேசாம இரு."

மதியம் எலக்ட்ரான் நுண்ணோக்கி. திரையில் சாம்பல் மூட்டம். அது தெளிந்தபோது நீள நீளமாய்க் கிடந்தன. நான் நம்பவில்லை. "இன்னொரு இடம் காட்டு" என்றேன். நகர்த்தினாள். அங்கும் அப்படியே. ஓரத்திலும் அப்படியே. எந்த அச்சிலும் வார்க்காமல், யார் கையும் படாமல், அணுக்கள் தாமே அடுக்கி ஒரே திசையில் நீண்டிருந்தன. ஜெயந்தி கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

நீங்களும் போவதென்றால், பொதுமக்களை அனுமதிக்கும் நாள் எது என்று முன்பே விசாரியுங்கள். கால் முழுதும் மூடும் ஷூ, பருத்தி உடை அவசியம். ஜனவரிக் காலைக்கு ஸ்வெட்டர் வேண்டும். முக்கியமாக, நிறம் மாறியதும் கிளம்பிவிடாதீர்கள், நுண்ணோக்கிவரை காத்திருங்கள்.

மாலை துறைத் தலைவரிடம் போனில் பேசிவிட்டு வந்தாள். "மூடலையாம். ஆனா அவர் முன்னாடி மறுபடி செஞ்சு காட்டணுமாம்."

"பயமா இருக்கா?"

"இல்லடி. முன்னெல்லாம் அதுவா வந்துச்சு. இப்ப ஏன் வருதுன்னு தெரியும்."