பெரியப்பாவின் மலை பங்களா

எங்கள் பெரியப்பா வாழ்நாளில் ஒரே ஒரு பொய்தான் சொன்னார் என்று அப்பா சொல்வார். அந்த ஒரு பொய்யை மூன்று வருடம் கடிதம் கடிதமாக எழுதினார் என்பது வேறு விஷயம்.

வளைகுடாவுக்கு வந்த புதிதில் அவர் மலையடிவாரத்தில் அணை கட்டும் வேலைக்குப் போயிருந்தார். கம்பெனி தனக்கு மலைகளுக்கு நடுவே ஒரு பங்களா கொடுத்திருக்கிறது, வாசலில் நின்றால் தண்ணீர் தெரியும் என்று அங்கிருந்து பெரியம்மாவுக்கு எழுதிவிட்டார். கல்யாணமாகி நாற்பது நாளில் விட்டுவந்த பெண் அழாமல் இருக்கட்டும் என்று எழுதியது. பெரியம்மா அழவில்லை. கடிதத்தைத் தெருவெல்லாம் படித்துக் காட்டினாள். சிவகங்கைப் பக்கத்து எங்கள் ஊரில் அவளுக்குப் பங்களாக்காரி என்றே பெயர் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு தான் உண்மையில் படுத்துக் கிடந்த தகரக் கொட்டகையைப் பற்றி எப்படி எழுதுவது?

நான் நான்காவது படிக்கும்போது பெரியம்மா விசிட் விசாவில் நாங்கள் இருந்த அபுதாபிக்கு வந்தாள். பெரியப்பா அப்போது முசஃபா தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் வெல்டர். கடற்கரையைக் காட்டினோம், வானத்தைத் தொடும் கட்டடங்களைக் காட்டினோம். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, அந்த மலை பங்களாவை எப்போது காட்டுவீர்கள் என்று கேட்டாள்.

பெரியப்பாவுக்கு அதிர்ஷ்டம் வேறு ரூபத்தில் வந்தது. அணை முடிந்ததும் தொழிலாளர் கேம்ப்பை இடித்துவிட்டார்கள். பல வருடம் ஆடு மேய்ந்த அந்த இடத்தில் அரசாங்கம் மரம் நட்டு, ஊஞ்சல் போட்டு, வரிசையாக மரவீடுகள் கட்டிப் பூங்கா ஆக்கிவிட்டிருந்தது. ஒரு நாள் தங்கிக்கொள்ளலாம். அப்பா ஒரு வீட்டை எடுத்தார். இதுதான் அந்த பங்களா என்று காட்டிவிடுவது என அப்பாவும் பெரியப்பாவும் முடிவு செய்தார்கள்.

வழியில் பெட்ரோல் போட நிறுத்தியபோது அப்பா என்னைத் தனியே கூப்பிட்டு முழுக் கதையையும் சொன்னார். உளறிக் கொட்டிவிடாதே என்றார். ஒன்பது வயதுக்கு அது பெரிய பாரம். மீதி வழியெல்லாம் நான் வாயைத் திறக்கவே இல்லை.

பூங்காவின் அலுவலகத்தில் அப்பாவும் பெரியப்பாவும் சாவி வாங்க நின்றார்கள். அம்மா என் தம்பியைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போனாள். நானும் பெரியம்மாவும் சுவரில் மாட்டியிருந்த படங்களைப் பார்த்துக்கொண்டு நடந்தோம். அந்த இடத்தின் வரலாறு அது. ஆட்டிடையர்களின் கல்வீடுகள், பிறகு பாதி எழும்பிய அணை, அதற்கடுத்து ஒரு நீளத் தகரக் கொட்டகை. கதவு திறந்திருந்தது. உள்ளே ஒன்றின் மேல் ஒன்றாக மூன்றடுக்கு இரும்புக் கட்டில்கள். வாசலில் லுங்கியும் பனியனுமாக ஏழெட்டுப் பேர். ஓரத்தில், விலா எலும்பு தெரிய, பெரியப்பா.

பெரியம்மா நின்றுவிட்டாள். கீழே இங்கிலீஷில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். அணைத் தொழிலாளர்களின் கேம்ப் என்று எழுதியிருந்தது.

“பார்க்கைச் சுத்திப் பாக்க வந்தவங்களாம் பெரியம்மா,” என்றேன்.

அவள் பெரியப்பாவின் முகத்துக்கு நேரே கண்ணாடியில் விரலை வைத்தாள்.

“இவுக யாருன்னு தெரியுதா ஆத்தா?”

“தெரியல.”

விரல் அவருடைய விலா எலும்பு வரைக்கும் மெல்ல இறங்கியது. பிறகு விரலை எடுத்துவிட்டு, “எனக்குந்தான் தெரியல,” என்று சொல்லி நடந்தாள்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மரவீட்டில் பெரியப்பா பிரமாதமாகச் சமாளித்தார். அப்போது இவ்வளவு அலங்காரம் கிடையாது, ஆனால் இடம் இதேதான் என்றார். பெரியம்மா ஜன்னலைத் திறந்து தண்ணீர் தெரிகிறதா என்று பார்த்தாள். தெரிந்தது. அந்தக் காலத்தில் ஒரு வீட்டுக்கு எத்தனை பேர் என்று கேட்டாள். தானும் ஒரு மலையாளியும் மட்டுந்தான் என்றார்.

“போகுது. தொணைக்கு ஒரு ஆளாவது இருந்துச்சே,” என்றாள்.

சாப்பாடு முடிந்ததும் பெரியப்பாவைப் பெரிய கட்டிலில் படுக்கச் சொன்னாள். அவர் படகு விடும் இடத்துக்குப் போகலாம் என்றார். அவள் கேட்கவில்லை. திரைச்சீலையை இழுத்துவிட்டு, எங்களை வெளியே அனுப்பிவிட்டு, படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். தம்பி ஊஞ்சலில் கத்தினால் கையைக் காட்டி அடக்கினாள். பள்ளிவாசலில் சாயங்கால அசர் பாங்கு கேட்கும்வரை பெரியப்பா அந்த அகலக் கட்டிலில் கையைக் காலை விரித்துத் தூங்கினார். படகு போச்சே என்று எனக்குக் கோபம்.

மறுநாள் காலை கிளம்பும்போது, படத்தைப் பற்றி நான் சமாளித்ததை அப்பாவின் காதில் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு கணம் ரத்தமே இல்லை. பிறகு நெஞ்சைத் தடவிக்கொண்டு சிரித்தார். பெரியப்பாவிடமும் சொல்லியிருக்க வேண்டும். அவர் வண்டியில் ஏறும்போதே பழைய பாட்டொன்றை முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார். ஏமாற்றிவிட்டோம் என்று மூன்று பேருக்கும் அப்படியொரு நிம்மதி.

பின்சீட்டில் பெரியம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டவள், வழி முழுக்க விடவே இல்லை. அவ்வப்போது ஒரு தடவை அழுத்தினாள். மலைப்பாதையின் வளைவுகளுக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.