துளை விழுந்த சிப்பிகள்

நான் முதல்முறை பாத்தியைப் பார்க்கப் போனபோது சிப்பிக்காரர் வாங்க என்று சொல்லவில்லை. பையில் என்ன இருக்கிறது என்று கேட்டார். என்னோடு கூட வந்த ஊர்க்காரர் சிரித்துவிட்டு, எல்லாம் துளை போடும் ட்ரில் மேல் உள்ள பயம்தான் என்று கதையைச் சொன்னார்.

ஆறு கடலில் சேரும் இடத்து மணலில் பாத்தி பிடித்து, குஞ்சுச் சிப்பிகளை விட்டு, வளர்ந்ததும் தோண்டி விற்பவர் அவர். சிப்பிக்குத் தலை கிடையாது. ஆபத்து வந்தால் ஓட்டின் இரண்டு பாதியையும் உள்தசையால் இறுக்கிக்கொள்ளும். அதற்குத் தெரிந்த வித்தை அவ்வளவுதான். ஒரு வருஷம் அதுவும் பலிக்கவில்லை. தோண்டத் தோண்ட வெறும் ஓடுகள். ஒவ்வொன்றிலும் காம்பஸ் வைத்துப் போட்டதுபோல் வட்டமாக ஒரு துளை.

அக்கம்பக்கத்தில் ட்ரில் வைத்திருந்தவர் சிப்பிக்காரர் மனைவியின் அண்ணன், தச்சர். பாத்தியில் பங்கு கேட்டு, இல்லை என்ற பதிலை வாங்கிக்கொண்டு போனவரும் அவரே. வேறென்ன வேண்டும்? இனி அந்த வீட்டுப் படி மிதிக்கக் கூடாது என்று மனைவியிடம் சொல்லிவிட்டார் சிப்பிக்காரர். அவளுக்குக் கூடப்பிறந்தவர் என்று இருந்ததே அந்த ஒருவர்தான்.

தச்சர் கதவு வேலைக்கு வெளியூர் போனார். துளைகள் நிற்கவில்லை. ஆள் வைத்துச் செய்கிறான் என்றார் இவர்.

பொறுத்துப் பார்த்த மனைவி, தண்ணீர் வற்றிய ஒரு காலையில், ஊர் திரும்பிய அண்ணனை ட்ரில்லோடு பாத்திக்கே கூட்டிவந்தாள். தச்சர் துளைத்த முதல் சிப்பி நொறுங்கியது. இரண்டாவதில் துளை நேராக விழுந்தது. பாத்தியில் துளை விழுந்து கிடந்த ஓடு ஒன்றை அதன் பக்கத்தில் பிடித்தார்.

“பாருங்க மாப்ள. இது மேல அகலம், உள்ள போகப் போக ஒடுக்கம். என் ட்ரில்லுக்கு இந்த நயம் வராது.”

“வேற ஊசி மாட்டியிருப்பீங்க.”

மனைவி இருவரையும் விட்டுவிட்டு மணலைக் கிளறினாள். உருண்டையாக ஒரு நத்தை அகப்பட்டது. அகன்ற பாதச் சதையால் ஒரு சிப்பியைப் பொத்திக்கொண்டிருந்தது. பிய்த்தெடுத்தால், சிப்பி ஓட்டில் பாதி தோண்டிய துளை. அந்த நத்தையின் நாக்கில் அரம்போல் பல்வரிசை உண்டு. அமிலம் கசியவிட்டு ஓட்டின் சுண்ணாம்பை இளக்கும். நாக்கால் சுரண்டிச் சுரண்டித் துளை போட்டு, உள்ளிருக்கும் சதையைத் தின்றுவிடும்.

“இந்தாங்க, எங்கண்ணன் வெச்ச ஆளு,” என்று அதை அவர் கையில் வைத்தாள்.

அவர் நத்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சரி, இத இங்க கொண்டுவந்து விட்டது யாரு?”

தச்சர்தான் முதலில் சிரித்தார்.

இப்போது சிப்பிக்காரர், தச்சர் செய்துகொடுத்த சல்லடையால் மணலைச் சலித்து நத்தை பொறுக்குகிறார். மனைவி அண்ணன் வீட்டுக்குப் போய்வருகிறாள். அவரும் கூடவே போகிறார். ஆனால் தெருமுனையோடு நின்றுகொள்கிறார்.