பாலம்மா நட்ட பதினான்கு குரோட்டன்கள்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பாலம்மாவை யாரும் ஏமாற்றியதில்லை. எல்லோரையும் அவர் முன்கூட்டியே சந்தேகப்பட்டு வைத்திருப்பார். கொழுந்து பறித்த காலத்தில் ஒருநாள் ஐந்து கிலோ மாவைக் கொழுந்துச் சாக்கில் போட்டு நிறுக்கக் கொடுத்தார். தராசு நாலு கிலோ காட்டியது. பெரிய ரகளையாகி மறுவாரமே தராசை மாற்றினார்கள். பாலம்மா மாறவில்லை. புதுத் தராசையும் மாவு வைத்துத்தான் சோதித்தார்.

தெல்தோட்டைக்கு மேலே எங்கள் தோட்டத்து மைதானத்தில் இசை விழா தொடங்கியது 2017 சித்திரை விடுமுறையில். கண்டியிலிருந்து சந்திரிகா என்ற பெண் ஒரு லொறியில் மேடைப் பலகையும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் கொண்டுவந்தார். கேட்க வந்தவர்கள் அறுபது பேர் இருக்கும். லயத்துப் பிள்ளைகளுக்கு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தார்கள்.

"ஓசியில குடுக்கிறவங்க எதையோ எடுக்கத்தான் வந்திருக்காங்க," என்று பாலம்மா பேரனின் பாக்கெட்டைப் பிடுங்கி உத்தரத்தில் சொருகினார். அதை எறும்புதான் தின்றது.

அடுத்த வருடம் இரண்டு நாள் விழா, கூடாரங்கள், முந்நூறு பேர். பாலம்மா மேடையிலிருந்து எங்கள் மயானம் வரை காலடி போட்டு அளந்தார். முதல் வருடம் நூற்று நாற்பது அடி இருந்தது இப்போது தொண்ணூறாகியிருந்தது. நாங்கள் சிரித்தோம். மூன்றாம் வருடம் கட்டுகஸ்தோட்டையிலிருந்து தனி பஸ்களே வந்தன. லொறி நிறுத்த இடம் போதவில்லை. நாங்கள் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் மெஷின் வந்து மயானத்தின் கீழ்ப்பக்கத்தை மட்டமாக்கிவிட்டுப் போனது.

எங்கள் ஆட்கள் புதைகுழிக்குக் கல்லறை கட்டுவதில்லை. தலைமாட்டில் ஒரு குரோட்டன் செடி நடுவார்கள். செடியை மாடு தின்றுவிட்டால் அடையாளமும் போய்விடும். அந்தக் கீழ்ப்பக்கத்தில் சிறு பிள்ளைகளைப் புதைத்திருந்தார்கள், செடி ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. எங்கள் லயத்துக் கறுப்பையாவின் மகளும் அங்கேதான் கிடந்தாள். நாற்பது வருடத்துக்கு முன் காய்ச்சலில் போன குழந்தை. அவர் வந்து லொறிகளைப் பார்த்தார், திரும்பிப் போய்விட்டார்.

சந்திரிகா ஓடி வந்து அழுதார். "அடையாளம் ஒண்ணும் இருக்கலியேம்மா. இருந்திருந்தா ஒரு அடி எடுத்து வச்சிருக்க மாட்டோம்."

பாலம்மா அந்தக் கண்ணீரை நம்பவில்லை. ஆனால் அடையாளம் என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

மட்டமாக்கிய இடத்துக்கு மேலே வெறும் மானாப்புல் மேடு. அதற்கும் மேலேதான் பாலம்மாவின் புருஷன் பொன்னையாவின் குழி. அடுத்தது மேடு, அதற்கடுத்தது பொன்னையா என்று பாலம்மா கணக்குப் போட்டார். கொரோனாவால் விழா நின்ற அந்த இரண்டு வருடமும், விறகுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மம்பட்டியோடு போய் மேட்டில் மண்ணைக் குவித்தார். ஆள் நீளத்துக்கு ஒரு குவியல், தலைமாட்டில் ஒரு கல், ஒரு சிவப்புக் குரோட்டன். மொத்தம் பதினான்கு பொய்க்குழிகள். நான் பார்த்தேன். என் அப்பாவும் பொன்னையாவுக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறார் என்பதால் வாயைத் திறக்கவில்லை.

விழா திரும்ப வந்தபோது சந்திரிகா குழிகளைப் பார்த்துத் திடுக்கிட்டு, மேட்டைச் சுற்றிக் கயிறு கட்டி, 'மயானம், உள்ளே வரவேண்டாம்' என்று மூன்று மொழியிலும் பலகை வைத்தார். விழா மறுபக்கம் ஓடையை நோக்கி வளர்ந்தது. போன சித்திரையில் ஐயாயிரம் பேர், வெள்ளைக்காரர்களும் வந்திருந்தார்கள். ஸ்பீக்கர் முழக்கத்தில் எங்கள் தகரக்கூரை மூன்று நாளும் அதிர்ந்தது. மேட்டில் மட்டும் ஒரு செருப்புத் தடமும் இல்லை.

பாலம்மாவுக்கு ஒரே ஒரு உறுத்தல்தான். கறுப்பையா வெள்ளிக்கிழமை தோறும் மூன்றாவது பொய்க்குழியில் விளக்கு வைக்க ஆரம்பித்திருந்தார்.

"கெழவன் நம்மள நக்கல் பண்றானா, இல்ல விழாக்காரங்ககிட்ட போட்டுக் குடுக்கப் போறானா?" என்று என்னிடம் கேட்டார். எனக்கும் புரியவில்லை.

போன கார்த்திகை மழையில் லயத்துக்குப் பின்னால் மண் சரிந்தது. சுவரெல்லாம் வெடித்தது. பாலம்மா குடியிருந்த காம்பராவில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. அந்த ஒரே காம்பராவில்தான் அவரும், மகன் யோகராஜும், மருமகளும், மூன்று பிள்ளைகளும். இனி இங்கே இருக்கக்கூடாது, பன்னிரண்டு குடும்பங்களுக்கும் வீட்டு மனை தருவோம் என்றார்கள் அரசாங்க அதிகாரிகள். தோட்டத்தில் சரியாத மண் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. அந்த மானாப்புல் மேடு.

நில அளவையாளர் வந்தார். பலகையைப் பார்த்ததும் அளவு குறிக்கும் கொப்பியை மூடினார். "மயானத்துல வீடு கட்ட ஏலாது. வேற எடம் இல்லன்னா உங்க பேரெல்லாம் அடுத்த பட்டியலுக்குத்தான்."

பாலம்மா முதலில் அவரையே சந்தேகப்பட்டார். விழாக்காரர்கள் அனுப்பிய ஆளாக இருக்கும் என்று அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். பிறகு பேரப்பிள்ளைகளைப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று.

"அதுல யாரும் இல்லைங்கய்யா. நான்தான் மண்ணக் குவிச்சு செடி நட்டேன்."

அளவையாளர் சிரித்தார். "வீடு வேணும்னா இதுவும் சொல்லுவீங்க, இன்னமும் சொல்லுவீங்க."

வாழ்க்கையில் முதன்முதலாக ஒருவர் பாலம்மாவைச் சந்தேகப்பட்டார். எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. பாலம்மா ரோஷத்தோடு மம்பட்டியை எடுத்து முதல் குழியை இடுப்பளவு தோண்டினார். கைபடாத இறுகிய மண். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் மம்பட்டியை ஓங்கியபோது கறுப்பையா குறுக்கே வந்து நின்றார்.

"இத விட்டுரு பாலம்மா."

"ஏண்ணே? உள்ள ஒண்ணும் இல்லன்னு சொல்றேன்ல?"

"தெரியும். நீ மண்ணு குவிச்சப்ப நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"பின்ன என்னத்துக்கு வெளக்கு வக்கிறீங்க?"

"எம் புள்ள கெடந்த எடத்துல லொறி நிக்குது. நான் வெளக்க எங்கதான் கொண்டுபோய் வக்கிறது?"

பாலம்மா மம்பட்டியை இறக்கினார். இத்தனை நாள் இந்த மனிதரைத் தப்பாக நினைத்தோமே என்று கண் கலங்கியது. தள்ளி நின்ற அளவையாளர் கூப்பிட்டார். "என்னம்மா, அதையும் வெட்டிக் காட்டுங்க."

"இது நெசக்குழிங்கய்யா. ரெண்டு வயசுப் பொம்பளப் புள்ள. பேரு பூங்கோதை. பொதச்சப்ப நானும் நின்னேன்."

கறுப்பையா கீழே உட்கார்ந்துவிட்டார். அளவையாளர் கொப்பியைத் திறந்து அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டார். மிச்சப் பதினொன்றையும், நாங்களும் மம்பட்டியோடு கைகொடுக்க, பாலம்மா பொழுது சாய்வதற்குள் தோண்டிக் காட்டினார்.

பன்னிரண்டு மனையும் கிடைத்தது. சீட்டுக் குலுக்கத் துண்டு எழுதும்போது, குழியை ஒட்டிய மனை மட்டும் வேண்டாம் என்று ஆளாளுக்கு ஒதுங்கினார்கள். அது எனக்கு என்றார் பாலம்மா. யோகராஜுக்குக் கோபம் வந்தது.

"ஊரே வேணாங்குற மனைதான் ஒனக்கு வேணுமா? நீ பண்ணுன வேலைக்கு எங்களுக்குத் தண்டனையா?"

பாலம்மா எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"வேற யாருக்குக் குடுத்தாலும் ஒரே வருசத்துல செடியப் புடுங்கிட்டுக் கோழிக்கூடு கட்டிருவாங்க," என்றார். "இவங்கள்ல ஒருத்தரையும் நம்ப ஏலாது."